பாலைவனப் பூவும் ஒரு வாளித் தண்ணீரும்

நீங்கள் மூன்று பேரும் வேலைக்குச் சேர்ந்த அன்று, "இவங்களுக்கு ஏதாவது சொல்லிக் குடுங்க" என்று மேடம் என்னிடம் சொன்னார். நான் உங்களைக் கூட்டிப்போய்த் துடைப்பமும் வாளியும் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன். உங்களில் ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தது எனக்குத் தெரியும். தப்பில்லை. அதே ஆள் ஐம்பது பேர் நடுவே நின்று கல்லைக் காட்டி வாய் ஓயாமல் பேசுவதை மறுநாள் பார்த்திருப்பீர்கள். இரண்டும் நான்தான். இரண்டாவது ஆள் எனக்குள் எப்படி வந்தாள் என்பதை எழுதிவிட்டால், உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதைச் சொல்லித்தந்த மாதிரி ஆகிவிடும் என்று நினைக்கிறேன்.

நான் பத்தாம் வகுப்பு முடித்தவள். நம் கல் காட்சிக்கூடத்தில் எனக்கு வேலை கல்லைக் கழுவுவது, துடைப்பது, கண்ணாடிப் பெட்டியைப் பூட்டுவது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் கல்லுக்குக் கீழே வைக்கும் அட்டைகளையும் என்னையே எழுதச் சொல்வார்கள். மேடம் அப்போதுதான் காப்பாளராக வந்திருந்தார். சென்னைக்காரர், நிலவியல் படித்தவர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்.

வந்த புதிதில் அவருக்கு ஒரு வருத்தம் இருந்தது. பெட்டிக்குள் இருக்கும் கல்லை யாரும் நின்று பார்ப்பதில்லை. "இது வைரமா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். "அவங்க வீட்டுக் கல்லையே கொண்டு வந்து வச்சா நிப்பாங்க" என்றார் மேடம். பாபநாசத்திலிருந்து கடல் வரைக்கும் ஆற்றோரத்திலும் கடலோரத்திலும் உள்ள வீடுகளில் கல் இரவல் வாங்கி ஒரு கண்காட்சி வைப்பது என்று முடிவானது.

இரவல் வாங்கப் போனது நான். வீட்டுக்குள் போய்ப் பெண்களிடம் பேச ஒரு பெண் வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். நான் பேசவில்லை. போய் நிற்பேன், கடிதத்தை நீட்டுவேன். அவர்களே பேசி, அவர்களே கல்லை எடுத்துத் தருவார்கள். அம்பாசமுத்திரத்தில் ஒரு நகைப் பத்தர் தன் உரைகல்லைக் கொடுத்தார். சேரன்மகாதேவியில் ஒரு வாத்தியார் வீட்டில் ஒரு கூடை கூழாங்கல். டவுணில் ஓர் அல்வாக் கடையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்த வெள்ளைக் கல்; அது படிகக்கல் என்று அவர்களுக்குத் தெரியாது. உடன்குடியில் கருப்பட்டி காய்ச்சும் வீட்டில் ஒரு பாட்டில் நிறையத் தேரி என்கிற மணல்மேட்டிலிருந்து எடுத்த மணல், மிளகாய்ப்பொடி மாதிரி சிவப்பாக.

காயல்பட்டினத்தில்தான் அந்தப் பூ கிடைத்தது.

அந்த வீட்டம்மாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். "என்ன லாத்தான்னே கூப்பிடுங்க, இங்கன அக்காவ அப்படித்தான் சொல்லுவோம்" என்றார். அவருடைய கணவர் சவூதியில் முப்பது வருஷம் தண்ணீர் லாரி ஓட்டியவர். ஊருக்குத் திரும்பி வந்து, இறந்துபோய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. கூடத்து அலமாரியில் அத்தர் பாட்டில்களுக்கு நடுவே ஒரு கல் இருந்தது. இரண்டு கை கொள்ளும் அளவு. மணல் நிறத்தில், இதழ் இதழாக, அப்படியே ரோஜாப்பூ. இதழ்களின் ஓரம் பிளேடு போல இருந்தது.

"பாலைவனத்துல மண்ணுக்குள்ள கெடக்குமாம். அவுக கையால தோண்டி எடுத்தது. எம் மகன் துபாய்க்குக் கொண்டு போறேன்னு கேட்டான், அவனுக்கே குடுக்கல" என்றார் லாத்தா. பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "தூசியா இருக்குன்னு நெனச்சிராதீங்க. ஒடஞ்சிருமோன்னு நான் துணியே படவிடுறதில்ல" என்றார்.

"நான் பாத்துக்கிடுதேன் லாத்தா" என்றேன். அன்று அந்த வீட்டில் நான் பேசியது அவ்வளவுதான்.

இரவல் வந்த கல்லை எல்லாம் சாயங்காலம் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் பிரஷால் தேய்த்துக் கழுவுவது என் வழக்கம். கல் உப்புக் கட்டி வந்தால் அதை மட்டும் தண்ணீரில் போடக்கூடாது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அதைப் போட்டதில்லை. பூவைக் கையில் எடுத்தபோது லாத்தா சொன்னது ஞாபகம் வந்தது. துணி படக்கூடாது. சரி, துணி வேண்டாம், பிரஷும் வேண்டாம். தண்ணீரில் பைய இறக்கி வைத்துவிட்டால் தூசி தானாகப் போய்விடும். அலமாரியில் இத்தனை வருஷம் மங்கிக் கிடந்த பூவைப் பளிச்சென்று ஆக்கி வைத்தால் அவர் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அதை மட்டும் தனி வாளியில் போட்டேன். அவ்வளவு அக்கறை.

மறுநாள் காலையில் வாளிக்குள் கைவிட்டேன். பிளேடு போல இருந்த ஓரம் வழவழவென்று இருந்தது, பாதி தேய்ந்த சோப்பைத் தொடுவது போல. வெளியே எடுத்தேன். இதழ்கள் மெலிந்து போயிருந்தன. இரண்டு இதழ் வாளியின் அடியில், கொஞ்சம் மணலோடு கிடந்தன.

பூவை ஒரு துண்டில் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். கல்லுக்குப் பீடம் செய்யும் ஆசாரி அந்தப் பக்கம் வந்தார். ஆறுமுகநேரிக்காரர்.

"என்னக்கா, பேயறஞ்ச மாதிரி நிக்கிய?"

துண்டைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். வாளியைப் பார்த்தார்.

"சோப்பு போட்டியளா?"

"வெறுந்தண்ணிதான்."

"வெறுந்தண்ணிக்கேவா இப்படி ஆயிட்டு? இது கல்லா, கல்கண்டா?" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "சரி, அழாதிய. எங்க பக்கத்துல சவூதி போயிட்டு வந்த வீட்டுல பாதி வீட்டுல இந்தப் பூ கெடக்கு. எங்கூடப் படிச்சவன் ஒருத்தன் வச்சிருக்கான். நாளைக்கு வாங்கிட்டு வாரேன். யாருக்குத் தெரியப்போவுது?"

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன். பதினோரு மணிக்கு மேடம் வந்து, "அந்தப் பூ எங்கே?" என்று கேட்டார். "காயுது மேடம்" என்றேன். அது பொய் இல்லை. உண்மையில் காய்ந்துகொண்டுதான் இருந்தது.

ஆசாரி மறுநாள் சொன்னபடியே ஒரு பூவைக் கொண்டுவந்தார். ஒரிஜினலை விடக் கொஞ்சம்தான் பெரிது, தூசி இல்லை. பீடத்தில் ஏற்றி, தள்ளி நின்று பார்த்து, "இதுதான்னு சொன்னா அந்த லாத்தாவே நம்பிருவாக" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்று மத்தியானம் சோறு இறங்கியது. கண்காட்சி திறக்க இன்னும் எட்டு நாள் இருந்தது.

சாப்பிட்டுவிட்டு அட்டை எழுத உட்கார்ந்தேன். யார் வீட்டுக் கல்லோ, அவர்கள் சொன்ன வார்த்தையையே அட்டையில் போட வேண்டும் என்பது மேடத்தின் ஏற்பாடு. 'காயல்பட்டினம். ஜிப்சம் என்னும் தாது. சவூதி பாலைவனத்தில் என் கணவர் தன் கையால் தோண்டி எடுத்தது.' இதை எழுத வேண்டும். 'தன் கையால்' வரைக்கும் எழுதினேன். நிமிர்ந்து பீடத்தைப் பார்த்தேன். அந்தப் பூவை யார் தோண்டினார்களோ, எங்கே வாங்கினார்களோ, எனக்குத் தெரியாது. லாத்தா வந்து இந்த அட்டையைப் படிப்பார். படித்துவிட்டு, யாரோ தோண்டிய கல்லை ஆசையாகப் பார்ப்பார். கண்காட்சி முடிந்ததும் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்து, சாகும் வரைக்கும் துணி படாமல் பாதுகாப்பார்.

பேனாவை மூடிவிட்டு மேடத்தின் அறைக்குப் போனேன். துண்டோடு பூவை மேசையில் வைத்தேன். ஊறப்போட்டதைச் சொன்னேன், ஆசாரி கொண்டுவந்ததைச் சொன்னேன், 'காயுது' என்றதையும் சொன்னேன். ஆசாரி மேல் தப்பில்லை, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை என்றும் சொன்னேன்.

மேடம் துண்டை விலக்கிப் பூவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"தண்ணி எங்கே?" என்றார்.

"என்ன மேடம்?"

"ஊறப்போட்ட தண்ணி. கொட்டிட்டீங்களா?"

கொட்டவில்லை. அந்த வாளியின் பக்கம் போகவே எனக்கு மனசு வரவில்லை. குழாயடியில் அப்படியே இருந்தது.

"பூவோட மிச்சம் அதுலதான் கரைஞ்சிருக்கு" என்றார் மேடம். அவரே எழுந்து வந்தார். ஆளுக்கு ஒரு பக்கம் வெள்ளைத் துணியைப் பிடித்துத் தண்ணீரை வடிகட்டினோம். அகலமான எவர்சில்வர் தட்டுகளில் ஊற்றி மொட்டை மாடியில் வெயிலில் வைத்தோம். காக்கை வந்து மூக்கை வைக்காமல் இருக்க ஆசாரி மேலே வலை கட்டினார். மேடம் கூப்பிட்டு வந்தவர், பாவம், நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது அவருக்கு அதுவரை தெரியாது. அவர் என்னைப் பார்த்து, "சொல்லிட்டியளாக்கும்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. தான் கொண்டுவந்த பூவைத் துணியில் சுற்றிச் சைக்கிளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

"லாத்தாவுக்கு ஒரு லெட்டர் குடுங்க மேடம், நான் கொண்டுபோய்க் குடுக்குதேன்" என்றேன்.

"லெட்டர் நான் எழுதுவேன். மன்னிப்பு நான்தான் கேக்கணும், ஏன்னா ஜிப்சத்தைத் தண்ணியில போடாதீங்கன்னு உங்களுக்குச் சொல்லாதது நான். ஆனா லெட்டரைப் படிச்சு அவங்க தெரிஞ்சுக்கக் கூடாது. நீங்க வாங்கிட்டு வந்தீங்க, நீங்க சொல்லணும்."

"எனக்குப் பேச வராது மேடம்."

"இப்போ என்கிட்ட பேசினீங்களே."

உங்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நம் வேலையில் கல் உடையும். கரையும், துருப்பிடிக்கும், காணாமலும் போகும். அன்று மேடம் முதலில் என்ன கேட்டார் என்பதைப் பாருங்கள். யார் செய்தது என்பதையோ, யாருக்கெல்லாம் தெரியும் என்பதையோ கேட்கவில்லை. இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டார். நான் இத்தனை வருஷத்தில் எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் திருச்செந்தூர் பஸ்ஸில் உட்கார்ந்தேன். மடியில் பஞ்சு வைத்த பெட்டி. ஸ்ரீவைகுண்டம் தாண்டும் வரைக்கும், என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் எழுதி எழுதி அழித்தேன். குரும்பூரில் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். இனி உடைய என்ன இருக்கிறது என்று தோன்றியும் கையை இறக்க முடியவில்லை.

லாத்தாவுக்கு என்னைப் பார்த்ததும் சந்தோஷம். "கண்காச்சிக்குக் கூப்பிட வந்தீங்களா? ஒரு போன் போட்டா நான் வரமாட்டேனா?" என்றார். மருமகளைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னார். நான் மனசுக்குள் எழுதி வைத்ததெல்லாம் போய்விட்டது. பெட்டியைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"நான்தான் லாத்தா. தண்ணியில ஊறப்போட்டேன். ராத்திரி பூரா கெடந்துட்டு."

அவர் ஒரு விரலால் இதழின் ஓரத்தைத் தடவினார். கழன்ற இதழ் இரண்டையும் எடுத்து, அவை இருந்த இடத்தில் பொருத்திப் பார்த்தார். பொருந்தவில்லை. மறுபடி பஞ்சில் வைத்தார்.

"ஒங்கள நம்பித்தானே குடுத்தேன்" என்றார்.

டீ வந்தது. இருவரும் குடிக்கவில்லை. மருமகள் டம்ளரை வைத்துவிட்டு நிற்பதா போவதா என்று தெரியாமல் நின்றாள். கிளம்பிவிடலாம் என்று எழுந்தேன். எழுந்த பிறகுதான் வாய் வந்தது. "அந்தத் தண்ணிய நாங்க கொட்டல லாத்தா. மாடியில வெயில்ல காயுது. பூவுல என்ன கரைஞ்சிச்சோ அது மறுபடி வெள்ளையா முள்ளு முள்ளா வரும்னு மேடம் சொல்லுதாங்க. நீங்க வந்து பாக்கணும். இத வைக்கவா வேண்டாமாங்கிறதையும் நீங்கதான் சொல்லணும்."

அவர் பெட்டியை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் வெறுங்கையோடு திரும்பினேன்.

அதன் பிறகு ஆறு நாள். பீடம் காலியாக நின்றது. "வேற எதையாவது வச்சிரலாமா?" என்று ஆசாரி கேட்டார். "இருக்கட்டும்" என்றார் மேடம். நான் காலையும் மாலையும் மாடிக்குப் போய்த் தட்டுகளைப் பார்த்தேன். தண்ணீர் வற்ற வற்ற, ஓரத்தில் முதலில் ஒரு வெள்ளை வளையம் வந்தது. பிறகு அதிலிருந்து ஊசி ஊசியாக, கண்ணாடி போல, விரல் நகத்தின் பாதி நீளத்துக்கு வளர்ந்தன.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் ஒரு கார் வந்து நின்றது. லாத்தாவும் மருமகளும் இறங்கினார்கள். பெட்டி மருமகள் கையில் இருந்தது. லாத்தா நேராக என்னிடம் வந்தார்.

"தண்ணி எங்கன இருக்கு?"

முட்டி வலியோடு மாடிப்படி ஏறினார். ஆசாரி ஓடிப்போய் ஒரு நாற்காலியும் குடையும் கொண்டுவந்தார். தட்டை அவர் மடிக்கு அருகே வைத்து, மேடத்தின் லென்ஸைக் கையில் கொடுத்தேன். லென்ஸ் வழியாக வெகுநேரம் பார்த்தார்.

"இது தானா வந்ததா? நீங்க ஒண்ணும் சேக்கலியே?"

"ஒண்ணும் சேக்கல லாத்தா. தண்ணி வத்த வத்த வந்துட்டு. பாலைவனத்துலயும் இப்படித்தானாம். மண்ணுக்குள்ள இருக்கிற தண்ணி வத்துறப்ப இது மணலையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு இதழ் இதழா வளருமாம்."

அவர் லென்ஸை இறக்கினார். மருமகளைப் பார்த்தார்.

"அவுகளும் இதத்தான் சொன்னாக. கொண்டு வந்த அன்னைக்கே. 'இது யாரும் செதுக்கினது இல்ல புள்ள, தண்ணி வத்துற எடத்துல மண்ணுக்குள்ள தானா பூக்கும்'னு. அவுக எதையாவது அளந்து விட்டுக்கிட்டே இருப்பாக. ஒட்டகம் பேரச் சொல்லிக் கூப்பிட்டா வரும்பாக, மழை கீழ வர்றதுக்குள்ள காஞ்சிரும்பாக. இதையும் அந்தக் கணக்குல சேத்துட்டேன். 'போங்க, கல்லாவது பூக்கிறதாவது, கடையில வாங்கினேன்னு சொன்னா என்னவாம்'னேன். சாகுற வரைக்கும் கேலி பண்ணியிருக்கேன்." லென்ஸை மருமகளிடம் நீட்டினார். "நெசத்தைத்தான் சொல்லியிருக்காக."

மருமகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆசாரி குடையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார்.

கீழே வந்ததும் லாத்தாவே பூவைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பீடத்தில் வைத்தார். பக்கத்தில் கழன்ற இரண்டு இதழ். அதற்குப் பக்கத்தில் தட்டு. மேடம் தயங்கித் தயங்கி மன்னிப்புக் கடிதத்தை நீட்டினார். லாத்தா அதை வாங்கி, படிக்காமல் மடித்து வைத்துக்கொண்டார்.

"லெட்டரு இருக்கட்டும். இந்தக் கல்லு பக்கத்துல இவங்க நிக்கணும்" என்று என்னைக் காட்டினார். "வர்றவுககிட்ட எப்படிப் பூக்கும்னும் சொல்லணும். எப்படிக் கெட்டுச்சுன்னும் சொல்லணும். அப்படின்னா வையுங்க. இல்லன்னா நான் கொண்டு போறேன்."

மேடம் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டேன்.

முதல் நாள் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். 'ஊறப்போட்டேன்' என்றதும் எல்லோரும் சேர்ந்து "அய்யோ" என்றார்கள். அந்த 'அய்யோ'வில் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. அதன் பிறகு கூட்டம் அந்தப் பீடத்தைச் சுற்றித்தான். வைரமா என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீரில் கரைகிற கல் வேறு என்ன இருக்கிறது, நம் ஆற்றிலும் இது இருக்குமா, எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது, கொண்டுவந்தால் பார்ப்பீர்களா என்று கேட்டார்கள். சொல்லச் சொல்ல எனக்குப் பேச்சு வந்தது. எங்கே நிறுத்த வேண்டும், எப்போது தட்டைக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் பழகிவிட்டது.

கடைசி நாள் பெரிய கூட்டம். நடுவில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். "தூசி போகட்டுமேன்னு இந்தப் பூவக் கொஞ்ச நேரம் தண்ணியில போட்டு வச்சேன்…"

"கொஞ்ச நேரமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ராத்திரி பூரா."

திரும்பிப் பார்த்தேன். பூவை எடுத்துப்போக வந்த லாத்தா, மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நின்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்குத்தான் முகம் சூடாகிவிட்டது. முதல் நாள் நான் ராத்திரி பூரா என்றுதான் சொன்னேன். நடுவில் எந்த நாளில் அது 'கொஞ்ச நேரம்' ஆனது என்று எனக்கே தெரியவில்லை. யாரையும் ஏமாற்ற நினைத்துச் சொன்னதில்லை. நாக்கு பழகப் பழக, தப்பு தானாகச் சின்னதாகிக்கொண்டே வந்திருக்கிறது.

"ஆமா லாத்தா, ராத்திரி பூரா" என்றேன். கூட்டத்தைப் பார்த்து மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவர் கடைசி வரைக்கும் நின்று கேட்டார்.

ஊசி வளர்ந்த தட்டை நமக்கே விட்டுவிட்டுப் போனார். அதுதான் இரண்டாவது அறையில், சன்னல் பக்கத்தில் இருக்கிறது. இனி அதன் பக்கத்தில் நீங்கள்தான் நிற்கப்போகிறீர்கள். நான் செய்ததை உங்கள் வாயால் சொல்லும்போது, வயசான அம்மா, பாவம், தெரியாமல் செய்துவிட்டார் என்று எனக்காகக் குறைத்துச் சொல்லத் தோன்றும். குறைக்காதீர்கள். ராத்திரி பூரா என்றே சொல்லுங்கள்.